வழிகாட்டி நாய்க்குட்டியை வீட்டில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மோரிஸ்டவுன் நகரில் 'தி சீயிங் ஐ' என்ற பள்ளி இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கித் தரும் பள்ளி அது. கண்பார்வை இழந்த மோரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர் 1928-இல் சுவிட்சர்லாந்து போய், டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் நடத்திய நாய்ப் பண்ணையில் பழக்கப்பட்ட 'பட்டி' என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே நாஷ்வில் நகரில் பள்ளி தொடங்கியது. 1931-இல் நியூ ஜெர்சிக்கு இடம் மாறியது. அந்தப் பள்ளியின் குட்டிகளைத் தன்னார்வலர்கள்தான் வீட்டில் வளர்க்கிறார்கள். நியூ ஜெர்சி, கிழக்கு பென்சில்வேனியா, டெலவேர், மேரிலாந்து, நியூயார்க் மாநிலங்களின் சில பகுதிகள் என்று இந்த வளர்ப்பு வீடுகள் பரவியிருக்கின்றன. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் வட்டாரம் என்பதால், நம் வீடுகளில் எழக்கூடிய கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம்.

நாய்க்குட்டி வளர்ப்பவரின் வேலை என்ன? வழிகாட்ட நாங்களா கற்றுக்கொடுக்க வேண்டும்?

இல்லை. சாலை ஓரத்தில் நிற்பது, தூணையும் குழியையும் சுற்றிப் போவது, கார் வரும்போது 'போ' என்றாலும் போக மறுப்பது எல்லாம் பள்ளிப் பயிற்சியாளர்களின் வேலை. நாய் ஒன்றேகால் வயது வாக்கில் பள்ளிக்குத் திரும்பியதும், ஏறக்குறைய நான்கு மாதத்தில் அவர்கள் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஹார்னஸ் எனப்படும் கைப்பிடி வைத்த தோல் பட்டையை நீங்கள் தொடவே வேண்டியதில்லை.

உங்கள் பொறுப்பு வேறு. ஏழு, எட்டு வாரக் குட்டியாக வருவதை, எதற்கும் மிரளாத, எதையும் பார்த்துத் துள்ளாத, மனிதரை நம்புகிற நாயாக ஆக்கித் தர வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், அதற்குச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். உணவகத்தில் மேசைக்கு அடியில் ஒரு மணி நேரம், அலுவலகத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம், பேருந்தில் கால்களுக்கு இடையில் அரை மணி நேரம். வழிகாட்டி நாயின் பகல்பொழுதில் நடப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம். 'கை கொடு' என்றதும் வித்தை காட்டும் குட்டியைப் பார்த்து அக்கம்பக்கம் பாராட்டும்; பள்ளிக்கு வேண்டியது அதுவல்ல.

பள்ளியே கொட்டிலில் வைத்து வளர்த்தால் என்ன?

வளர்த்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை உலகத்தோடு பழகும் பருவம். அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்து இதை நிறுவினார்கள். கலிஃபோர்னியாவின் 'கைட் டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்' பள்ளியில் கிளாரன்ஸ் ஃபாஃபென்பெர்கர் 1946 முதல் குட்டிகளைச் சோதித்துப் பார்த்து, அந்தப் பருவம் முடிந்த பிறகும் கொட்டிலிலேயே விடப்பட்டவை பின்னால் தேறுவது குறைகிறது என்று கண்டார். புத்தி குறைவினால் அல்ல. பொறுப்பெடுக்க வேண்டிய நேரத்தில் தயங்கின.

மோரிஸ்டவுன் பள்ளி 1942-இலேயே '4-எச்' என்ற கிராமப்புற இளையோர் மன்றங்களோடு சேர்ந்து குட்டிகளை வீடுகளில் விடத் தொடங்கியது. இன்றும் வளர்ப்போர் ஊர்வாரியான குழுக்களாகவே இயங்குகிறார்கள்.

யாரெல்லாம் வளர்க்கலாம்? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், அடுக்ககத்தில் இருக்கிறோம்.

அடுக்ககம் தடையல்ல, வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்தால். வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று இருந்தால் 'இது வழிகாட்டி நாய்க்குட்டி' என்ற வாதம் செல்லாமல் போகலாம். பயிற்சி முடித்த நாய்க்கு உள்ள உரிமை குட்டிக்கும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள்.

வேலை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். முதல் இரண்டு மாதம் பகலில் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும், அல்லது மதியம் வந்துபோக வேண்டும். எட்டு வாரக் குட்டி எட்டு மணி நேரம் தனியாக இருந்தால் கூண்டுக்குள்ளேயே மலமும் சிறுநீரும் கழிக்கும். ஒருமுறை அந்தப் பழக்கம் வந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், பள்ளி போகும் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் உள்ள வீடுகள் நன்றாகப் பொருந்தும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் நாய்க்குக் கூடுதல் பாடம்தான். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே சொல்ல வேண்டும். அப்பா 'டவுன்' என்றால் படு, அம்மா 'டவுன்' என்றால் மேலே ஏறாதே என்று இருந்தால் குட்டி இரண்டையும் விட்டுவிடும்.

செலவு யாருடையது?

மருத்துவச் செலவு பள்ளியினுடையது. தீவனத்துக்கும் பள்ளி ஒரு தொகை தருகிறது. உங்கள் கையிலிருந்து போவது மெல்லும் பொம்மைகள், துப்புரவுப் பொருட்கள், பெட்ரோல், கடிபட்ட செருப்புகள். நாய் எப்போதும் பள்ளியின் உடைமை. அதனால் கருத்தடை அறுவை உட்பட எந்தச் சிகிச்சையையும் கேட்காமல் செய்யக்கூடாது. நல்ல நாய்களை இனப்பெருக்கத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

குட்டி வருமுன் வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

தரையில் படுத்து, குட்டியின் கண் உயரத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தொங்கும் மின்கம்பி, கட்டிலுக்கு அடியில் காலுறை, பூஜை அறையில் தாழ்வாக இருக்கும் எண்ணெய்த் திரி, கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் தெரியும். கற்பூரம் நாய்க்கு நஞ்சு. சமையலறைக்கும் பூஜை அறைக்கும் குழந்தைக் கதவு ஒன்று போட்டுவிடுங்கள்.

கூண்டு, குட்டி எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறுமூலையில் தூங்கும். நடுத்தடுப்பு வைத்த பெரிய கூண்டு வாங்கி, குட்டி வளர வளரத் தடுப்பை நகர்த்துவது சிக்கனம். கூண்டைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள்.

முதல் சில இரவுகள் அழுதால்?

அழும். கூடப்பிறந்தவை மேல் விழுந்து தூங்கிய குட்டி அது. கூண்டை உங்கள் கட்டிலருகே வைத்து, விரலை உள்ளே விட்டுப் படுங்கள். நடு இரவில் எழுந்து சிணுங்கினால், கழிக்கத்தான் சிணுங்குகிறது என்று எடுத்துக்கொண்டு வெளியே தூக்கிப் போங்கள்: விளக்கு மங்கலாக, பேச்சில்லாமல், விளையாட்டில்லாமல். முடிந்ததும் மீண்டும் கூண்டு. கொஞ்சத் தொடங்கினால் இரவு இரண்டு மணி விளையாட்டு நேரமாகிவிடும்.

கழிப்புப் பழக்கத்துக்கு ஏன் இத்தனை விதிகள்?

இங்கேதான் வளர்ப்போர் மிகவும் சலித்துக்கொள்வார்கள். எதிர்காலத்தில் நாயைப் பெறுபவருக்கு மிகவும் உதவுவதும் இதுவே.

குட்டியைப் பின்தோட்டத்தில் அவிழ்த்துவிட்டுக் கதவருகே நிற்பது எளிது. ஆனால் கண் தெரியாதவர் விமான நிலையத்தில், மழையில், அறிமுகமில்லாத விடுதி வாசலில் நாயைக் கழிக்கவைக்க வேண்டும். அப்போது நாய் லீஷில் (கையில் பிடிக்கும் கயிற்றில்) இருக்கும், சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் கழித்தாக வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே லீஷ். ஒரே இடத்தில் நின்றுகொண்டு, குட்டி உங்களைச் சுற்றி வட்டமிடும் அளவுக்கு லீஷை விடுங்கள். அது கழிக்கத் தொடங்கும்போது பள்ளி சொல்லும் சொல்லை ஒருமுறை சொல்லுங்கள். முடிந்த நொடியில் பாராட்டு. சில வாரத்தில் சொல் கேட்டதும் கழிக்கும்.

புல்லில் மட்டும் பழக்கினால் சிமெண்டுத் தரையில் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு நிற்கும். புல், கற்காரை, சரளை, பனி என்று மாற்றி மாற்றிப் பழக்குங்கள்.

நாய் பெறுபவர் அதன் முதுகில் கைவைத்துப் பார்ப்பார். முதுகு கூன்போல் வளைந்தால் மலம். சரிந்தோ தட்டையாகவோ இருந்தால் சிறுநீர். மலம் என்றால் அந்த இடத்தைக் காலால் குறித்துக்கொண்டு, பையைக் கையுறை போல மாட்டி எடுப்பார். அதனால் கழிக்கும் நேரத்தில் முதுகைத் தொட்டால் குட்டி கூச்சப்பட்டு ஓடக்கூடாது. இப்போதே மெல்லத் தொட்டுப் பழக்குங்கள்.

எப்போது வெளியே கொண்டுபோவது? தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும். மற்றபடி சிறு குட்டிக்கு ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒருமுறை. வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் உச்சவரம்பு. மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி. அதையே அன்றாட அட்டவணை ஆக்கிவிடாதீர்கள். உள்ளே கழித்துவிட்டால் மூக்கைத் தேய்ப்பது, அதட்டுவது கூடாது. ஒளிந்து கழிக்கத்தான் கற்றுக்கொள்ளும். நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அமோனியா கலந்தது வேண்டாம், அதன் வாடை சிறுநீரை ஒத்திருக்கும்.

எவ்வளவு சாப்பாடு? நம் வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா?

பள்ளி சொல்லும் தீவனம், பள்ளி சொல்லும் அளவு, அளவுக் கோப்பையால். நான்கு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. பயிற்சியில் கொடுக்கும் தின்பண்டத்தை அந்த நாளின் அளவிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் எளிதாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். வளரும் வயதில் ஏறும் எடை மூட்டுகளின் மேல்தான் விழுகிறது.

லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பசி அடங்குவதைத் தெரிவிக்கும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் போயிருப்பதைச் சுமார் நால்வரில் ஒரு லாப்ரடாரிடம் கண்டார்கள். அவர்கள் பார்த்த உதவி நாய்களிடமோ அது நான்கில் மூன்று பங்கு. தின்பண்டத்துக்காக எதையும் செய்யும் நாய் எளிதில் பழகும். அப்படிப்பட்டவையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். ஆகவே உங்கள் குட்டி ஏக்கமாகப் பார்ப்பதை நம்ப வேண்டாம். அதற்கு உண்மையிலேயே பசி, ஆனால் சாப்பாடு போதாமல் அல்ல.

நம் சாப்பாடு ஒரு பருக்கைகூட வேண்டாம். மேசையிலிருந்து ஒருமுறை விழுந்த வடை, நாளை உணவகத்தில் பார்வையற்றவரின் தட்டருகே மூக்கை நீட்டவைக்கும். அதோடு ஆபத்தும் உண்டு. வெங்காயமும் பூண்டும், சமைத்தாலும் பொடியானாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படியானால் சர்க்கரைப் பொங்கல், பாயசம், கேசரி எல்லாமே பட்டியலில் வந்துவிடுகின்றன. சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் கூடாது. விருந்தாளிகளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். 'பாவம், ஒரே ஒரு துண்டு' என்பவர்கள்தான் மிகப் பெரிய தடங்கல்.

நாங்கள் சைவம். தீவனத்தில் இறைச்சி இருக்குமே?

இருக்கும். மாற்ற முடியாது. மூடி வைத்த டப்பா, தனிக் கோப்பை, தனிக் கரண்டி, பால்கனியிலோ கராஜிலோ சாப்பாட்டு இடம் என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதுவும் மனத்துக்கு ஒவ்வாது என்றால் முழுநேர வளர்ப்பு உங்களுக்குப் பொருந்தாது. குட்டிகளை வண்டியில் கொண்டுபோய்விடுவது போன்ற வேலைகளுக்கும் குழுக்களுக்கு ஆள் தேவை.

என்னென்ன கட்டளைகள் சொல்லித்தர வேண்டும்?

உட்கார், படு, இரு, வா, விடு. அவ்வளவுதான். ஒருமுறை சொல்லுங்கள், செய்யாவிட்டால் செய்ய உதவுங்கள். 'சிட், சிட், சிட்' என்றால் மூன்றாவதுதான் கட்டளை என்று கற்றுக்கொள்ளும். பள்ளியின் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும். கொஞ்சுவது தமிழில் இருக்கட்டும், கட்டளை மட்டும் மாறக்கூடாது.

நடையில் ஒரு நுணுக்கம். வழக்கமான பயிற்சியில் நாயின் தோள் நம் காலோடு ஒட்டி வர வேண்டும். வழிகாட்டி நாய்க்கு அது ஆகாது. அது இடப்பக்கம், சற்றே முன்னால், லீஷில் இலேசான இழுவையோடு போக வேண்டும். பின்னாளில் ஹார்னஸ் வழியாக ஆளை நடத்துவது அந்த முன்னேறும் துடிப்புதான். காலோடு ஒட்டவைத்துப் பழக்கினால் பயிற்சியாளர் முதலில் அதை மாற்ற வேண்டியிருக்கும். அதற்காகத் தறிகெட்டு இழுக்கவும் விடாதீர்கள்.

பந்து எறிந்து விளையாடலாமா?

கூடாது என்பதே பெரும்பாலான பள்ளிகளின் விதி. உருண்டோடும் எதையும் துரத்தும் வெறி வந்துவிட்டால், பூங்கா ஓரத்தில் பந்து உருளும்போது பார்வையற்றவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். அணிலைத் துரத்தவிடுவதும், சுவரில் விளக்கொளியைக் காட்டி விளையாடுவதும் இதே வகை. கெட்டியான ரப்பர் பொம்மைக்குள் தீவனத்தை அடைத்துக் கொடுங்கள். சோபாவும் கட்டிலும் நாய்க்கு இல்லை. ஆள் மேல் தாவும்போது கையால் தள்ளினால் அதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். திரும்பி நின்றுகொள்ளுங்கள், நான்கு காலும் தரையில் பட்டதும் கவனியுங்கள்.

காலுறையைக் கவ்வி ஓடினால் துரத்தாதீர்கள். துரத்தினால் விழுங்கிவிடும், குடலில் அடைத்தால் அறுவைதான். தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த இடங்களுக்குக் கூட்டிப்போகலாம்? சட்டப்படி உரிமை உண்டா?

1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பயிற்சி முடித்த நாய்க்குத்தான் கடைக்குள் வர உரிமை தருகிறது. பயிற்சியிலுள்ள குட்டியின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விமானத்திலும் அப்படியே: 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியின்படி பழக்கப்பட்டுவிட்ட நாயை மட்டுமே விமான நிறுவனம் ஏற்றாக வேண்டும். வழிபாட்டுத் தலங்களை மாற்றுத்திறனாளிகள் சட்டம் கட்டுப்படுத்தாது. கோயிலுக்குக் கொண்டுபோக நினைத்தால் நிர்வாகத்திடம் முன்பே கேளுங்கள். எங்கே மறுத்தாலும் வாதாடாமல் வந்துவிடுங்கள். குட்டிக்கு ஒரு கடை போனால் இன்னொன்று கிடைக்கும். நீங்கள் போடும் சண்டையின் விளைவு அடுத்த வாரம் அங்கே வரும் பார்வையற்றவர் தலையில் விழும்.

தடுப்பூசிச் சுற்று முடியும்வரை, அதாவது ஏறக்குறைய பதினாறு வாரம் வரை, பிற நாய்கள் கழிக்கும் பூங்காக்கள் வேண்டாம். குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதற்காக வீட்டில் பூட்டியும் வைக்காதீர்கள், பழகும் பருவம் அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மடியில் வைத்து ரயில் நிலைய வாசலில் உட்காருங்கள். காரின் பின்கதவைத் திறந்துவைத்து, பள்ளி விடும் நேரக் கூச்சலைக் கேட்கவிடுங்கள். வீட்டிலேயே குக்கர் விசிலும் மிக்ஸி சத்தமும் இருக்கின்றன: முதலில் தூரத்து அறையில் தீவனத்தோடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அருகில். நல்ல பாடம், இலவசம்.

பிறகு கடை, நூலகம், பேருந்து, மின்தூக்கி. முதல் முறை பத்து நிமிடம் போதும். குட்டி களைத்து கடிக்கத் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். காரில் இருக்கையில் அல்ல, முன்பயணியின் காலடியில் உட்காரப் பழக்குங்கள். நகரும் படிக்கட்டில் ஏற்றவே கூடாது. படியின் பற்களுக்கிடையே குட்டியின் விரல் சிக்கி நகம் பிய்ந்துவிடும். கோடையில் நடைபாதையில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு பாதத்தை அரிக்கும், நக்கினால் வயிற்றைக் கலக்கும். வீடு வந்ததும் கழுவுங்கள்.

எதையாவது பார்த்து மிரண்டால்?

வால் உள்ளே மடங்குவது, கொட்டாவி, உதட்டை நக்குவது, பிடித்த தின்பண்டத்தையும் மறுப்பது ஆகியவை மிரட்சியின் அறிகுறிகள். கடைசியது வந்துவிட்டால் அந்த இடத்தில் எதையும் கற்காது. இழுத்துக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். தின்பண்டம் வாங்கிக்கொள்ளும் தூரம்வரை பின்வாங்குங்கள். அங்கே நின்று, அது தானாகத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொடுங்கள். காற்றில் ஆடும் ப்ளாஸ்டிக் பொம்மை, சாக்கடை மூடியின் கம்பி வலை, பளபளக்கும் தரை ஆகியவை அடிக்கடி வரும் தொல்லைகள்.

எட்டு, பத்து வாரத்தில் ஒருமுறையும், ஆறு மாதத்துக்குப் பிறகு எப்போதாவதும் திடீர்ப் பயக் காலம் வரும். நேற்றுவரை கண்டுகொள்ளாத குப்பைத்தொட்டியைப் பார்த்துக் குரைக்கும். புதிய இடங்களைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். ஜூலை 4 வாணவேடிக்கைக்கும் தீபாவளிக்கும் குட்டி ஜன்னல் மூடிய அறையில் இருக்கட்டும். வெடிச் சத்தத்துக்கு ஒரே இரவில் வந்த பயம் ஒரு நாயின் தொழிலையே முடித்துவிடக்கூடும்.

ஏழு மாதம் ஆகிறது. கற்றதெல்லாம் மறந்துவிட்டது போல் இருக்கிறது.

விடலைப் பருவம். ஓரிரு மாதத்துக்கு முந்தைய பாடங்களைத் திரும்ப எளிதாக்கிச் செய்யுங்கள். பெண் குட்டிக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் பருவ உதிரம் வரலாம். அன்றே பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள், மூன்று வாரம் வெளியுலாவை நிறுத்துங்கள்.

நான்கு வாரம் ஊருக்குப் போக வேண்டும். குட்டி?

குழுவில் இன்னொரு வீடு பார்த்துக்கொள்ளும். இதை இடைஞ்சலாக நினைக்க வேண்டியதில்லை. வேறு வீட்டில் தூங்கி, வேறு கையிலிருந்து சாப்பிட்டுப் பழகிய நாய்க்குப் பின்னால் பள்ளிக் கொட்டில் அதிர்ச்சியாக இராது. ஒரே ஆளை விட்டுப் பிரியாத நாய்தான் அங்கே தவிக்கும். கிளம்புமுன் உண்ணி மருந்தும் இதயப்புழு மாத்திரையும் எந்தத் தேதிக்கு என்று எழுதிக் கொடுங்கள். இந்த வட்டாரத்தில் உண்ணியால் வரும் லைம் நோய் சாதாரணம்.

எத்தனை குட்டிகள் தேறும்? தேறாவிட்டால் எங்கள் தவறா?

பள்ளிக்குப் பள்ளி மாறும். பொதுவாகப் பாதிக்குச் சற்று மேல். இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறு, கண் நோய், தோல் ஒவ்வாமை இவற்றில் எதற்கும் நீங்கள் பொறுப்பல்ல. சுபாவத்திலும் பிறப்புக்கும் தாயின் வளர்ப்புக்கும் பங்கு உண்டு. இந்தப் பள்ளியின் குட்டிகளை வைத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, தாய் அளவுக்கு மீறி அரவணைத்த குட்டிகள் தேறுவது குறைவு என்று காட்டியது. படுத்துக்கொண்டு ஊட்டிய தாயின் குட்டிகளைவிட, நின்றோ உட்கார்ந்தோ ஊட்டி, பாலுக்காகக் கொஞ்சம் பாடுபடவைத்த தாயின் குட்டிகள் மேலாகத் தேறின.

உங்கள் கையில் இருப்பவை நாய்களைக் கண்டால் துள்ளுவது, தரையில் கிடப்பதைத் தின்பது, தனியாக இருக்க முடியாமல் ஊளையிடுவது. இம்மூன்றும் வளர்ப்பில் வருபவை. திருத்தக் காலம் பிடிப்பவை. தேறாத நாயை மோப்ப வேலை போன்ற வேறு பணிக்குக் கொடுப்பார்கள், அல்லது வேண்டுமா என்று வளர்த்தவரிடமே முதலில் கேட்பார்கள்.

திரும்பக் கொடுக்க மனம் வருமா?

கஷ்டம்தான். பள்ளி வண்டி வரும் நாளில் வழக்கம்போல் தீவனம், வழக்கம்போல் நடை. கட்டிப்பிடித்து அழுவதை வண்டி போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நாய் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பயிற்சி முடியும் தறுவாயில், அது ஹார்னஸ் அணிந்து மோரிஸ்டவுன் தெருக்களில் பயிற்சியாளரை நடத்திச் செல்வதைத் தள்ளி நின்று பார்க்க அழைப்பார்கள். அருகே போகவோ பெயர் சொல்லிக் கூப்பிடவோ முடியாது.

யாருக்குப் போகிறது என்று தெரியுமா?

இந்தப் பள்ளியில் சொல்ல மாட்டார்கள். நாய் பெறுபவரின் தனியுரிமைக்குத் தரும் மதிப்பு அது. கலிஃபோர்னியப் பள்ளியில் வேறு முறை: பட்டமளிப்பு மேடையில் வளர்த்தவரே நாயை ஒப்படைப்பார். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று விண்ணப்பிக்குமுன் யோசித்துக்கொள்வது நல்லது. பாதி வழியில் இதை வைத்து மனத்தாங்கல் வருவதுண்டு.

அடுத்த குட்டி எப்போது கிடைக்கும்?

கேட்டால் விரைவிலேயே. பழைய கூண்டையும் தடுப்பையும் கழுவி வையுங்கள். பழைய கடிபொம்மைகளை எறிந்துவிடுங்கள்.